பனியன் முதுகில் தேதி வேண்டாம்

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் வெள்ளக்கடைப் பக்கம் சில வீடுகளில் ஆள் குறையும். இளசுகள் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் இறங்கி, சேலத்தில் பஸ் மாறித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போய்ப் பல காலம் செக்கிங் மேஜையில் நின்ற ஓர் அக்காதான் எனக்கு அந்த ஊரின் கதவைத் திறந்துவிட்டார். மலையில் பறையும் கிட்டாரும் சேர்த்துப் பாடும் பையன்கள் சிலர், குழுவின் பெயர் போட்ட பனியன் அடித்து நிகழ்ச்சிகளில் விற்க நினைத்தார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடில்லாத துணியாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அக்காவிடம் சொன்னேன். அவர் துணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எத்தனை பீஸ் வேணும்னு மொதல்ல முடிவு பண்ணச் சொல்லுங்க தம்பி. மிச்சமாகுது பாருங்க, அதுதான் கேடு" என்றார்.

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டையில் அந்தப் பேச்சின் கனம் தெரிந்தது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் டேமேஜ் என்று கழிக்கப்பட்டதும் கட்டுக் கட்டாக அங்கே விற்பனைக்கு வருகின்றன. நான் புரட்டிய கட்டில் வெளிநாட்டு இசைக்குழு ஒன்றின் கறுப்புப் பனியன்கள். முன்பக்கம் குழுவின் சின்னம், முதுகு முழுக்க ஐரோப்பிய ஊர்களும் கச்சேரித் தேதிகளும். தையல் சுத்தம், துணியும் நல்ல கனம். ஆனாலும் அந்தத் தேதிகள் கடந்த பிறகு அந்தக் குழுவுக்கே அதை விற்பது கடினம். டேமேஜுக்கு ஈடுகட்ட கம்பெனிகள் ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவது வழக்கம். எந்த அளவு எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் குழுக்களும் கூடுதலாகவே கேட்கின்றன. இரண்டு பக்கக் கூடுதலும் சேர்ந்து கிடங்கில் போய் நிற்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் கிடங்கில் இப்படித் தேங்கிய சுமார் 4 லட்சம் பனியன்களை மீண்டும் நூலாக்க மொராக்கோவுக்கு அனுப்பப்போவதாக, பாடகி பில்லி ஐலிஷும் யுனிவர்சல் இசை நிறுவனத்தின் பிராவாடோ பிரிவும் 2025இல் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அத்தனையும் ஒரு காலத்தில் யாரோ வெட்டி, தைத்து, மடித்து, பெட்டி கட்டியவை.

அக்காவின் சிபாரிசில் ஒரு பிரிண்டிங் பட்டறைக்குப் போனேன். நீள மேஜைகள், அவற்றின் மேல் வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் பனியனின் முன்பக்கத் துண்டு ஒட்டியிருந்தது. ஓர் அண்ணன் ஸ்கிரீனை இறக்கி, மையை ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பில் இழுத்து, தூக்கி, அடுத்த பலகைக்கு நகர்ந்துகொண்டே இருந்தார். மேஜையின் கடைசிக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் துண்டு காய்ந்திருக்கும். இரண்டாவது நிறம் அதன் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன், அத்தனை நடை.

இசைக்குழுப் பனியன்களில் தடிமனாக, பளபளப்பாக நிற்கும் பிரிண்ட் பெரும்பாலும் பிளாஸ்டிசால். அதன் உடம்பே பிவிசி பிளாஸ்டிக். சுமார் 160 டிகிரிச் சூட்டில் வேகும்வரை காயாது என்பதால் அடிப்பவருக்கு வசதி. ஆனால் பனியன் பழசானபின் அந்தத் துணியைக் கிழித்து நூலாக்கும்போது பிரிண்ட் இருந்த இடத்தை வெட்டி எறியத்தான் வேண்டும். தண்ணீரில் கரைத்த பிக்மென்ட் மை துணியோடு ஒட்டி மெல்லிசாக நிற்கும். ஆனால் ஸ்கிரீனிலேயே காய்ந்து அதன் துளைகளை அடைத்துவிடும், தொழிலாளி நின்று நின்று துடைக்கவேண்டும். "தண்ணி மை நல்லதுதானுங்க. ஒரு கலர்ல குடுத்தீங்கன்னா எங்களுக்கும் நல்லது" என்றார் அந்த அண்ணன். பையன்கள் வரைந்து தந்த படத்தில் ஐந்து நிறம் இருந்தது.

துணிக்காகப் போன இடம் கட்டிங் வேஸ்ட் குடோன். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் வேலையைத்தான். கழுத்து வளைவும் கை வளைவும் வெட்டும்போது விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. அவர்கள் அதைத் தரையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு ஒரு குவியல், கருநீலம் ஒரு குவியல். லேபிள், எலாஸ்டிக், லைக்ரா கலந்த துண்டு எல்லாம் விரல் பட்டவுடன் தெரிந்து தனியே விழுகின்றன. பிரித்த துணியை எந்திரம் கிழித்துப் பஞ்சாக்குகிறது. கிழிபடும்போது இழை குட்டையாகிவிடுவதால் புதுப் பஞ்சோ, பெட் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டரோ கலந்து ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்லில் நூற்கிறார்கள். பிரித்த நிறமே நூலின் நிறம். சாயம் போடவேண்டிய வேலையே இல்லை.

இந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. பருத்தியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். அந்த உப்பும் சாயமும் நொய்யல் ஆற்றில் இறங்கின. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, விவசாயிகளே திறக்க வேண்டாம் என்று மன்றாடும் சாயக்கழிவுத் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாடு செய்தவை பிறகு திறந்தன. இன்றும் அந்த நீரைச் சுத்திகரிக்கவும் காய்ச்சி வற்றவைக்கவும் செலவாகும் மின்சாரமும் எரிபொருளும் ஏராளம். ஆகவே, கழிவுத் துண்டின் சாம்பல் நிறத்திலேயே பனியன் கிடைக்கிறது என்றால், அதற்கு மேல் கறுப்புச் சாயம் கேட்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ராக் இசை என்றால் கறுப்புப் பனியன்தான் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

பனியனில் தொங்கும் பச்சை அட்டையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இயற்கைப் பருத்திக்கான காட்ஸ் போன்ற சான்றுகள் தொழிலாளர் நிலைமையையும் கணக்கில் எடுக்கின்றன, அது வேண்டியதுதான். ஆனால் கச்சேரிக்கு முந்தின வாரம் ஆர்டர் கொடுத்து அவசரப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதை எந்த அட்டையும் சொல்லாது. திருப்பூரில் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போவது ஒன்றரை ஷிப்ட். அவசர ஆர்டர் வந்தால் அது இரவுக்குள் இன்னும் நீளும். மேஜையின் நீளத்தை நடந்து நடந்து அடிக்கும் அந்த அண்ணனின் கால்வலியையும் சேர்க்காமல் கேடில்லாத பனியன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளக்கடைக்கு வந்து இதையெல்லாம் பையன்களிடம் சொன்னேன். ஐந்து நிறத்தை ஒன்றாக்க அவர்கள் சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள், முதுகில் தேதி போடும் எண்ணத்தையும் விட்டார்கள். எண்ணிக்கையில்தான் இழுபறி. முந்நூறு அடித்தால் ஒரு பீஸின் விலை இறங்கும் என்றான் தாளம் வாசிக்கும் பையன். விற்காத இருநூறின் விலையையும் அதில் கூட்டிப் பார் என்றார் அக்கா. பட்டறை அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கம்மியாவே குடுங்க, அடிச்சுத் தர்றேன். ஞாயித்துக்கெழமை மட்டும் கேக்காதீங்க." நிகழ்ச்சியோ திங்கட்கிழமை. கடைசியில், மாதிரிக்கு வந்த சாம்பல் நிறப் பனியன் ஒன்றை மட்டும் மேடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கேட்பவர்களிடம் அளவும் பணமும் வாங்கிக்கொண்டு, அடித்து வந்தபின் தபாலில் அனுப்புவதென்று முடிவானது. தபால் செலவு குழுவினுடையது.