குளமும் பட்சிகளும்



கடந்த தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், விடியுமுன் காங்கேயத்திலிருந்து புறப்பட்டுத் திருப்பூருக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளத்துக்குச் சென்றேன். பறவைகளைப் பார்ப்பதில் ஆர்வமுள்ள நம் சபை வாலிபர் இருவர் என்னை அழைத்துச் சென்றார்கள். நான் சென்றதோ ஒரு பாரத்தைச் சற்று மறப்பதற்காகவே.

அதற்கு முந்தின வாரம் நம் சகோதரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய அனுமதியுடனே இதை எழுதுகிறேன். தேங்காய்க் களத்தில் கூலி வேலை செய்பவர். மகளின் மருத்துவச் செலவுக்காக வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார். வட்டி கூலியை மிஞ்சிவிட்டது. நான் மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திறந்து, ஆகாயத்துப் பட்சிகளைப் பற்றிப் பேசி, ஜெபித்து அனுப்பினேன். வாசற்படியில் அவர் திரும்பி, "பறவைங்களுக்கு வட்டி கட்ட வேண்டியதில்லைங்களே ஐயா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை உறங்கவிடவில்லை.

குளக்கரையில் பனி விலகியபோது, வாலிபர்கள் தொலைநோக்கியை என் கையில் தந்து வரித்தலை வாத்துகளைக் காட்டினார்கள். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வருபவை அவை. அருகே ஒரு நீர்க்காகம் மூழ்கி மூழ்கி எழுந்தது. ஏழு முறை வெறும் அலகோடு வந்து, எட்டாம் முறைதான் மீனோடு வந்தது. சாம்பல் நாரையொன்று அசையாமல் காத்து நின்றது. விதைக்காத பட்சிகள்தாம், ஆனால் ஒன்றும் சோம்பியிருக்கவில்லை. நம் சகோதரரும் அப்படித்தானே உழைக்கிறார்? பின் வேறுபாடு எங்கே என்று யோசித்தேன்.

வேறுபாடு குளத்தில் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்னும் மன்னரின் பெயரையே இக்குளம் தாங்கி நிற்கிறது. இன்று இது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள இந்நீர்நிலையை யாரோ பழுதுபார்த்தார்கள், யாரோ காத்தார்கள். பரமபிதா பட்சிகளைப் போஷிக்கிறார் என்பது மெய். இங்கே மனிதர் காத்த ஒரு குளத்தைக் கொண்டு போஷிக்கிறார்.

நானோ அந்தச் சகோதரருக்குப் பட்சியைக் காட்டினேன்; குளத்தைக் காட்டவில்லை. தேவையுள்ளவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடும் விசுவாசத்தைப் பற்றி யாக்கோபு எழுதியது எனக்கே எழுதப்பட்டதாய்த் தோன்றியது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி கொடுத்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றார். கணக்கு அறிந்த மூப்பர் ஒருவர் இப்போது அவரோடு உட்கார்ந்து கடனை வரிசைப்படுத்துகிறார். ஏழைகள் நிதியிலிருந்து ஒரு பங்கு செலுத்தப்பட்டது. கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அதை அவர் தனியாகச் சுமக்கவில்லை.

பிரியமானவர்களே, வசனத்தை மாத்திரம் கொடுத்து நீங்கள் அனுப்பிவைத்தவர் யாராவது உண்டா? இந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஆண்டவரே, எங்கள் சபையை ஒரு குளமாக்கும். ஆமென்.