சாமியார் மடத்து ஸ்ட்ராங் பியர்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. குடிக்காதவங்க அப்படியே இருங்க, நீங்க எதையும் இழக்கலை. மதுவை ஒழிப்போம்னு கொடி பிடிக்கிற பதிவும் இல்லை. ஒரு பாட்டிலைத் திறந்து, மோந்து பார்த்து, ஒன்றரை மணி நேரம் எடுத்துக் குடிச்சு, மார்க் போட்ட கதை. நடுவுல எங்க சித்தப்பா வருவார். அவரை விட்டுட்டு இந்தச் சங்கதியைப் பத்தி எழுத எனக்குத் தெரியாது.

நம்மூர் டாஸ்மாக் ஆகட்டும், இங்கே புனேயில் தெருவுக்குத் தெரு இருக்கும் பியர் ஷாப்பி ஆகட்டும், ஒருத்தர் "ஸ்ட்ராங் ஒண்ணு"ன்னு கேட்டால் அவர் கேட்பது ருசியை இல்லை. அதே காசுக்கு எது தூக்கலா இருக்கும் என்பதுதான் கேள்வி. அதனால்தான் நம்ம நாட்டில் மைல்டைவிட ஸ்ட்ராங் அதிகமா ஓடுது. 650 மில்லி பாட்டில், 8 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. 42.8 சதம் இருக்கும் விஸ்கியில் 60 மில்லி லார்ஜ் அடித்தால் உள்ளே போவது ஏறக்குறைய 26 மில்லி. ஆக ஒரு ஸ்ட்ராங் பாட்டில் என்பது இரண்டு லார்ஜ். "பியர்தானே மச்சி, சும்மா தண்ணி மாதிரி" என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது பிரிண்ட் எடுத்துக் கொடுங்கப்பா.

அந்த பாட்டிலை ஐஸ் மாதிரி குளிர வச்சுத்தான் குடிக்கணும். கொஞ்சம் சூடு ஏறினால் வண்டவாளம் தெரிஞ்சிடும். குளிர் நாக்கை மரக்க வைக்கும், மூக்குக்கு வாசனை வராது. ருசி தெரியக்கூடாது என்பதற்காகவே குளிர வைத்துக் குடிக்கும் பானம் அது.

இந்த லட்சணத்தில் "ஸ்ட்ராங்" பழகின ஆள் நான். போன டிசம்பரில் ஆபீஸ்ல பக்கத்து சீட் மராட்டிக்காரர் பிரஸ்ஸல்ஸ் ஆன்சைட் முடிச்சுட்டு வந்தார். எல்லாருக்கும் சாக்லேட். எனக்கு மட்டும் ரகசியமா ஒரு சின்ன பாட்டில். ஷிமே ப்ளூ. 330 மில்லி, 9 சதம். "ஃப்ரீசர்ல வைக்காதீங்க, பாட்டிலோட குடிக்காதீங்க, அவசரப்படாதீங்க" என்று மூன்று கட்டளை போட்டார். ஹிஞ்சவாடியில் பொட்டி தட்டுகிறவனுக்கு மூன்றாவதுதான் கஷ்டம் :-)

பாட்டிலைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு. ட்ராப்பிஸ்ட் என்பது ஒரு கத்தோலிக்கத் துறவியர் சபை. பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் உள்ள லா ட்ராப் மடத்தில் 1664-ல் நடந்த சீர்திருத்தத்திலிருந்து வந்த பெயர். ஜெபம், உழைப்பு, அதிகம் பேசாமை. சொந்த உழைப்பில் வயிறு கழுவணும் என்பது விதி. அதனால் சில மடங்களில் சீஸ், சில மடங்களில் ரொட்டி, சில மடங்களில் பியர். பெல்ஜியத்தில் வெஸ்ட்மாலே மடம் 1836-லும், ஷிமே பியர் வரும் ஸ்கூர்மோன் மடம் 1862-லும் காய்ச்ச ஆரம்பித்தன. பேருக்கு மவுசு வந்ததும் கண்டவனும் லேபிளில் சாமியார் படம் போட ஆரம்பிக்க, 1997-ல் எட்டு மடங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அறுகோண முத்திரை கொண்டுவந்தன. மடத்து எல்லைக்குள் காய்ச்சணும், துறவிகள் மேற்பார்வை இருக்கணும், வருமானம் மடத்துத் தேவைக்கும் தர்மத்துக்கும் போகணும். இந்த மூன்றும் இருந்தால்தான் முத்திரை. இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது "ட்ராப்பிஸ்ட் பாணி"தான்.

பெல்ஜியத்து பியர் இவ்வளவு வீரியமானதற்கு ஒரு சட்டத்தையும் காரணமாகச் சொல்வார்கள். 1919-ல் அந்த நாட்டில் கடைகளில் உட்கார்ந்து ஜின் மாதிரி சாராய வகைகளைக் குடிக்கத் தடை வந்தது. 1983 வரை இருந்தது. உக்கிரமா ஏதாவது வேணும் என்றவர்களுக்கு பியரே உக்கிரமானது. தடை போட்டால் தாகம் வேறு வழி பார்க்கும் என்பது நமக்குத் தெரியாததா? தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் கிடையாது. பிராந்தி மட்டும் அரசாங்கக் கடையிலேயே கிடைக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1985-லிருந்து பியர் ஜட்ஜ்களுக்குப் பரீட்சை வைக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. அவர்கள் மார்க் ஷீட்டில் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் இருக்கும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஷீட் மேல் மரியாதை வந்தது.

ஷிமே ப்ளூவைக் குடிக்க 10-லிருந்து 12 டிகிரி சரியான பதம். டிசம்பர் ராத்திரியில் புனே தானாகவே அந்த டிகிரிக்கு இறங்கிவிடும். பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே பாட்டிலை வைத்தேன். பாதாள அறை தயார்.

வாய் அகன்ற கண்ணாடி டம்ளரில் மெதுவாகச் சாய்த்து ஊற்றணும். பாட்டில் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நுரைக்க விடுவதால் வருவது. அதைக் கலக்காமல் கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிட்டேன். நிறம், வடிகட்டாத கருப்பட்டிக் காப்பி. மேலே இளம் பழுப்பு நுரை, சீக்கிரம் அடங்காத நுரை. மூன்றுக்கு மூன்று.

வாசனை. இங்கேதான் எனக்கு மொழிப் பிரச்சினை. இங்கிலீஷ் விமர்சனங்களில் அத்திப்பழம், ப்ளம் என்று எழுதுவார்கள். நான் ப்ளம் பழத்தை ஒழுங்காகப் பார்த்ததே முப்பது வயசுக்கு மேல்தான். அதனால் நம்ம பலசரக்குக் கடையை வைத்தே சொல்கிறேன். முதலில் பேரீச்சம்பழம். அப்புறம் பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடும் கிஸ்மிஸ். கொஞ்சம் பொறுத்தால் கிராம்பு. டம்ளர் சூடு ஏற ஏற, எங்க உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி. அதுவும் ஓலைக் கொட்டானைப் புதிதாகத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

இதில் மாயமில்லை. கிராம்பும் பழமும் வெளியிலிருந்து போட்டதில்லை. பெல்ஜியன் ஈஸ்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில் வேலை செய்யும்போது அதுவே அந்த வாசனைகளைக் கக்கும். இந்தப் பாணியில் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டோடு சர்க்கரையும் சேர்ப்பார்கள். சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறிவிடுவதால் வீரியம் ஏறும், ஆனால் பானம் கஞ்சி மாதிரி கனக்காது. கருக்கக் காய்ச்சிய பாகு சேர்த்தால் கிஸ்மிஸ் வாசனையும் கூடும். பீட்ரூட் ஜாதிக் கிழங்கிலிருந்து அவர்கள் எடுப்பதை நாம் பனையிலிருந்து எடுக்கிறோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே அதைக் கள்ளாக்கிவிடும். மடத்துக்காரருக்கும் பனையேறிக்கும் தொழில் ஒன்றுதான். ஈஸ்ட்டை எப்போது வேலை செய்ய விடுவது, எப்போது நிறுத்துவது.

ருசி: முதல் வாயில் இனிப்பு, நடுவில் கிராம்புக் காரம், கடைசியில் ஆச்சரியமாக வறண்டு முடிகிறது. 9 சதம் தொண்டையில் எரியவில்லை, நெஞ்சில் கணகணப்பாகத்தான் தெரிகிறது. நல்லது கெட்டது பிரிக்க இதுதான் முக்கியமான சோதனை. வீரியம் இருக்கணும், ஆனால் நெயில் பாலிஷ் வாடை வரக்கூடாது. என் கணக்கு: வாசனை 10, தோற்றம் 3, ருசி 17, கனம் 4, அபிப்பிராயம் 9. மொத்தம் 43.

ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த வாரம் முந்த்வா பக்கம் ஒரு டேப்ரூமில் "பெல்ஜியன் டார்க் ஸ்ட்ராங்" குடித்தேன். 2009-ல் தூலல்லி இங்கே ஆரம்பித்ததிலிருந்து புனே இந்த விஷயத்தில் தேறிய ஊர். (தூலல்லி என்பது நாசிக் பக்கத்து தேவ்லாலி என்ற ராணுவ முகாம் பெயரை வெள்ளைக்காரச் சிப்பாய் சிதைத்த வார்த்தை.) நம்ம நாட்டில் 2018-ல் வந்த உணவுத் தர விதிப்படி ஸ்ட்ராங் பியர் என்றால் 5-க்கு மேல், 8 வரை. இந்தப் பாணியோ 8-ல் ஆரம்பித்து 12 வரை போவது. ஆகவே இங்கே காய்ச்சுகிறவர் பாணியின் வாசற்படியில் நின்றே வித்தை காட்டணும். கோலாப்பூர் வெல்லம் சேர்த்திருப்பதாகப் பரிமாறிய பையன் சொன்னான். வெல்ல வாசனை தெளிவாக வந்தது. கிராம்பு கொஞ்சம் தூக்கல், நுரை சீக்கிரம் படுத்துவிட்டது, முடிவு இனிப்பாகவே நின்றது. 33 போட்டேன். மட்டமில்லை, வெரி குட் என்ற வகுப்பில் வரும் மார்க் அது. வெல்லத்தை வைத்து இதைச் செய்யத் துணிந்ததற்கே ஒரு சலாம்.

இப்போது சித்தப்பா.

எங்க சித்தப்பா 1998-ல் செத்துப்போனார். கல்லீரல். வயசு நாற்பத்தொண்ணு. அவர் குடிக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். முகத்தைச் சுளித்து, மூக்கைப் பிடித்து, ஒரே மடக்கு. மருந்து மாதிரி. ருசி அவருக்கு ஒரு தடை, தாண்டிப் போக வேண்டிய வேலி. சித்தி வீட்டில் அரிசி இல்லாத நாட்கள் எனக்குத் தெரியும். அதனால் அம்மா இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏல, அங்க போயி கண்டதயும் பழகிறாத, என்ன?" என்பாள். "இல்லம்மா, எப்பவாச்சும்தான்" என்று உண்மையையே சொல்கிறேன். "அவனும் அப்படித்தான் சொன்னான்" என்பாள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

சித்தப்பாவுக்கு ஷிமே கொடுத்திருந்தால் திருந்தியிருப்பாரா? நிச்சயமாக இல்லை. அதையும் ஒரே மடக்கில் முடித்திருப்பார். அது வியாதி, பாட்டிலின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டு 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையும் அதன் மருத்துவமனையும் அப்போதே இருந்தன. இதே புனேயில் அனிதா அவசட், அனில் அவசட் தம்பதி, பு.ல.தேஷ்பாண்டே உதவியோடு 1986-ல் ஆரம்பித்த முக்தாங்கண் இருந்தது. குடியை வியாதியாகப் பார்த்து வைத்தியம் செய்யும் இடங்கள். எங்க ஊரில் அப்படி ஒரு வைத்தியம் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. "மானம் போகுது" என்று கதவைச் சாத்தத்தான் தெரிந்திருந்தது.

மடத்து பியரில் என்னை யோசிக்க வைத்தது ருசி மட்டுமில்லை. ஷிமே மடத்தில் 4.8 சதத்தில் டோரே என்று ஒன்று காய்ச்சுகிறார்கள், வெஸ்ட்மாலேயில் எக்ஸ்ட்ரா என்று ஒன்று. துறவிகள் தங்கள் சாப்பாட்டு மேஜைக்கு என்று காய்ச்சியது அந்த மெல்லிசுதான். வெஸ்ட்ஃப்லேத்தரன் மடத்து 12-ஆம் நம்பர் பியரை 2005-ல் ஒரு ரேட்டிங் தளம் உலகத்திலேயே சிறந்தது என்றது. வாசலில் கார்கள் வரிசை கட்டின. மடத்தார் உற்பத்தியைக் கூட்ட மாட்டோம் என்றார்கள். மடத்தை நடத்த எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மட விதியிலேயே ஆளுக்கு நாளைக்கு எவ்வளவு திராட்சரசம் என்று அளவு இருக்கிறது. விற்கிறவனும் "போதும்" என்கிறான், குடிக்கிறவனும் "போதும்" என்கிறான். நம்ம ஊரில் விற்கிறவர் அரசாங்கம், இலக்கு வைத்து விற்கிறது. குடிக்கிறவருக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை.

ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. துறவி காய்ச்சினாலும் அதே ஆல்கஹால்தான். 330 மில்லியில் 30 மில்லி, ஒரு லார்ஜுக்கு மேலேயே. அதனால் அந்த 50 மார்க்குக்கு மேல் என் சொந்தக் கணக்கில் ஒன்று சேர்த்திருக்கிறேன். டம்ளர் காலியானதும் "இன்னொண்ணு" தோணுதா, "போதும்" தோணுதா? ஷிமேக்கு அந்த ஒரு மார்க்கும் கிடைத்தது. முந்த்வா பியருக்கும் கிடைத்தது. 650 மில்லி ஸ்ட்ராங்குக்கு என்னிடம் என்றைக்கும் கிடைத்ததில்லை.

பி.கு: மகாராஷ்டிராவில் பியருக்கு 21 வயசு ஆகியிருக்கணும், பெர்மிட்டும் வேணும். வீட்டில் சித்தப்பா மாதிரி ஒருத்தர் இருந்தால் கதவைச் சாத்தாதீங்க. மேலே சொன்ன மாதிரி இடங்களுக்குக் கூட்டிட்டுப் போங்க. பியர் பதிவில் இதை எழுதணுமான்னு கேட்டால், பியர் பதிவில்தான் எழுதணும்.