பவுன்சரும் பட்டிழையும்

"விதிகள் பெருகி ஆட்டத்தில் வீரம் போயிற்று" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் நமக்குண்டு. அமெரிக்கக் கால்பந்தில், பந்தைப் பிடிக்கத் தாவுபவனின் தலையில் மோதுவதற்குத் தடை இருப்பதைச் சொன்னால் நகைப்பார்கள்!

1962-இல் பார்படாசில் சார்லி கிரிஃபித்தின் பந்து இந்திய அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டைப் பிளந்தது. எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரலும் குருதி கொடுத்தார். உயிர் மீண்டது, 28 வயதோடு டெஸ்ட் வாழ்வு முடிந்தது. ஒரு மட்டையாளருக்கு ஓவருக்கு ஒரே பவுன்சர் என்ற கட்டுப்பாடு வந்ததோ 1991-இல்! (அதையும் 1994-இல் இரண்டாக்கினர்.)

நம் ஐயம்பேட்டையில் இளைஞர்கள் கவசமின்றிக் கார்க் பந்தில் ஆடுகிறார்கள், குனிபவனுக்குக் கேலிதான். சென்ற மாதம் நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன் புருவத்தின் மேல் தையலோடு வகுப்புக்கு வந்தான். அறுந்த பட்டிழையைத் தேடிப் பிணைக்கிற கண் அது. கவசம் வாங்கச் சொன்னோம். சிரித்தான்.