ஓய்வுக்குப் பிறகு ஒரு கடல்

ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? காலையில் பேப்பர், மாலையில் கோயில், நடுவில் ஒரு தூக்கம். குளத்தூரில் ஒரு தலைமையாசிரியரும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தார். பிறகு மகன் வைத்துவிட்டுப் போன பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு, புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறி கோட்டைப்பட்டினம் போனார். கடலைப் படம் எடுக்க!

குளத்தூர்க்காரருக்குக் கடல் எதற்கு என்று ஊரில் சிரித்தார்கள். சிரிப்பிலும் நியாயம் உண்டு. மன்னர் காலத்துப் புதுக்கோட்டைக்குக் கடலே கிடையாது. 1974-ல் தனி மாவட்டம் ஆனபோது தஞ்சாவூரிலிருந்து சேர்ந்த பகுதியோடுதான் கடற்கரையும் வந்தது.

முதல் நாள் படங்கள் எல்லாம் வீண். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அவர் எதிர்பார்த்தது பெரிய பெரிய அலைகளை. ஆனால் அது பாக் நீரிணை, ஆழம் குறைவு, பெரும்பாலும் குளம் மாதிரிதான் கிடக்கும். போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. கிழக்குக் கரை என்பதால் சூரியன் எழும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாக நிற்கும், படம் நன்றாக வரும். உப்புக் காற்று பட்ட லென்ஸை அன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

இதற்கிடையே குடும்ப வரலாறு எழுதவும் ஒரு நோட்டு வாங்கியிருந்தார். தாத்தா பெயருக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் மிச்சம் இருந்த பெரியவர் அத்தை ஒருவர்தான், வயது 86. கேட்டால், "அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்" என்பதோடு சரி.

ஒரு நாள் கடல் படங்களைப் பிரிண்ட் போட்டு அவரிடம் காட்டினார். அத்தை கடலையே பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏப்பா, இந்தத் தண்ணியத் தாண்டித்தானா சித்தப்பா கண்டிச் சீமைக்குப் போனாரு?"

அப்படி ஒரு சித்தப்பா இருந்ததே அதுவரை அவருக்குத் தெரியாது!

புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். முன்பு தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. வழியிலேயே இறந்தவர்கள் பலர். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

அத்தை அன்று இரண்டு மணி நேரம் பேசினார். சித்தப்பா ஒரே ஒரு முறை நார்த்தாமலைத் திருவிழாவுக்கு வந்தது, பிஸ்கட் டின் கொண்டு வந்தது, பிறகு கடிதம் நின்றுபோனது... நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்தது. தோட்டத்தின் பெயரை மட்டும் அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அடுத்த முறை போனபோது அத்தைக்கு எதுவும் நினைவில்லை. அதே படத்தைக் காட்டியபோது, "நல்லாருக்கு, எந்த ஊருக் குளம்?" என்றார்.

உ.வே.சாமிநாதையர் கல்லூரி வேலையிலிருந்து 1919-ல் ஓய்வு பெற்றார். தன் ஊர், முன்னோர் கதையோடு தொடங்கும் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வர ஆரம்பித்தது 1940-ல், அவருடைய 85-வது வயதை ஒட்டி. 1942-ல் அவர் மறைந்தபோது கதை பாதி வாழ்க்கையோடு நின்றுவிட்டது. அவ்வளவு ஞாபகசக்தி உள்ளவருக்கே காலம் போதவில்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் எம்மாத்திரம்?

தலைமையாசிரியர் இப்போதும் கோட்டைப்பட்டினம் போகிறார். நோட்டில் பன்னிரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது. அதில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார். அலையில்லாத கடல், அவ்வளவுதான்.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பாட்டியிடம் ஒரு படத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். ஊர்ப் பெயரை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.