குழந்தைக்கு வந்தது வெறும் நிமோனியாதானா?

1/ ஹெச்ஐவி உள்ள கைக்குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்துபோனா, வெளியே சொல்லப்படுற காரணம் பெரும்பாலும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, டிபி. இல்லைன்னா "சவலைப் பிள்ளை, உடம்பு தேறல". பொய் இல்லை. ஆனா அந்த நிமோனியாவைத் தாங்க முடியாமப் போனது ஏன்? அதைத்தான் இந்த இழையில் பேசப் போறேன்.

2/ பெரியவங்களுக்குக் கிருமி உள்ளே போனாலும், எய்ட்ஸ் நிலைக்கு வரப் பல வருஷம் ஆகும். பச்சிளங்குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. எதிர்ப்பு சக்தியே அப்பதான் உருவாகிட்டிருக்கு. சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் 2 வயதைத் தாண்டுறதில்லை.

3/ இதில் மோசமானது, 3 முதல் 6 மாதத்தில் அதிகம் வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. மூச்சு வேகமா வாங்கும், ஆக்சிஜன் இறங்கும், வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது. தாய்க்கு ஹெச்ஐவின்னு முன்னாடியே தெரிஞ்சா, 6 வாரத்திலிருந்தே கோட்ரைமாக்சசோல் கொடுத்து இதைத் தடுக்கலாம். பழைய, மலிவான மருந்துதான்.

4/ 2008ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு இன்னும் தெளிவு. உடம்பு மோசமாகட்டும்னு காத்திருக்காம, பிறந்த சில வாரங்களிலேயே ஹெச்ஐவி மருந்து தொடங்கின குழந்தைகளிடம் இறப்பு 76% குறைஞ்சது.

5/ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். தாயின் ஆன்டிபாடி குழந்தை ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம் என்பதால் சாதாரண டெஸ்ட் குழப்பும். அதனால 6வது வாரம், தடுப்பூசி போட வரும்போதே குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து, அட்டையில் காயவச்சு பிசிஆர் டெஸ்டுக்கு அனுப்புறோம்.

6/ எல்லாமே இலவசம். 2004லேயே தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிடுச்சு. அப்புறம் எங்கே விட்டுப்போகுது?

7/ உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் வழக்கம் என்ன? வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு தாய்வீட்டுக்குப் போயிடுவா. ஆஸ்பத்திரி மாறும். பெத்த அம்மாகிட்டயே சொல்லாத விஷயத்தைப் புது நர்ஸ்கிட்ட எப்படிச் சொல்லுவா? மாத்திரையை ஒளிச்சு வைப்பா. 6வது வாரம் கூடவே மாமியாரும் வந்தா, "குழந்தைக்கு எதுக்கு ரத்தம்?"னு கேள்வி வரும். அந்தப் பயத்திலேயே வராம இருந்துடுவா.

8/ தாய் சரியா மருந்து எடுத்தா, குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பு 5%க்கும் கீழே. எதுவுமே செய்யலைன்னா 45% வரைகூடப் போகலாம். தாய் மருந்தோட தாய்ப்பால் கொடுக்கலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம்.

9/ இதைப் படிக்கிற கணவர்களே, மனைவி கர்ப்பமானா நீங்களும் நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் எடுங்க. மாமியார்களே, டாக்டர் "அம்மாவை மட்டும் உள்ளே அனுப்புங்க"ன்னு சொன்னா அனுப்புங்க. வெளியே வந்ததும் துருவாதீங்க. அவங்க சம்மதம் இல்லாம நாங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு 2017 சட்டமே இருக்கு.

10/ ஊர் மாறிப் பிரசவத்துக்குப் போற அம்மாக்களே, சிகிச்சை அட்டையை மறக்காதீங்க. சந்தேகம்னா 1097க்கு கூப்பிடுங்க, காசு கிடையாது. உங்க ரகசியமும் பத்திரமா இருக்கும், உங்க பிள்ளையும் பத்திரமா இருக்கும்.