பரவாயில்ல சேர்

கண்காட்சிக்குச் செய்த விமான மாதிரிக்குப் பூச, எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய வலெஜோ பெயின்ட் போத்தலைக் கொண்டு வந்தான். தடிப்பாக இருந்தது. தமியா அக்ரிலிக்கை ஐசோபுரோபைல் அல்ககோலில் கரைத்துப் பழகிய துணிச்சலில் இதற்கும் அதையே ஊற்றினோம். அதுவும் போத்தலுக்குள்ளேயே! பால் திரைந்த மாதிரிக் கட்டி கட்டியாகிவிட்டது.

இரண்டும் அக்ரிலிக்தான். ஆனால் தமியாவில் ஏற்கெனவே அல்ககோல் கலந்திருக்கிறது. வலெஜோ தண்ணீரில் கரைவது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாலே போதும். கொஞ்சத்தைத் தட்டில் எடுத்துத்தான் கலக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடைத் தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும்.

“பரவாயில்ல சேர்” என்றான் பிள்ளை. வாப்பா எப்போது வருவார் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

யாரிடமாவது சாம்பல் நிறம் மிச்சமிருந்தால் அறியத் தாருங்கள். கண்காட்சி வியாழக்கிழமை.