மருந்துச் சீட்டும் மலை வெயிலும்

ஏற்காட்டில் வெயில் சுடுவதில்லை என்பதாலேயே அங்கு வெயிலால் தோலுக்குக் கேடில்லை என்று எண்ணுவது, வந்துபோகிறவர்களிடம் மட்டுமன்றி, சேர்வராயன் மலையிலேயே வாழ்கிறவர்களிடமும் காணப்படும் வழக்கம். உடலுக்குச் சூடாகத் தெரிவது ஒன்று, தோலைக் கருக்கவும் முதிரச் செய்யவும் வல்ல புற ஊதாக் கதிர் வேறொன்று. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் அக்கதிரின் வலிமை சுமார் 10 விழுக்காடு கூடுகிறது; சேலம் நகருக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே இருக்கும் ஏற்காட்டில் வெப்பம் குறைந்து கதிர் மிகுகிறது, மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. முகப்பருவுக்கும் முகச் சுருக்கத்துக்கும் பூசப்படும் ரெட்டினாய்டுகளில் எதைத் தேர்வது என்ற கேள்வி, இம்மலையில் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ-யும் அதன் வழிப்பொருள்களும், அவற்றைப் போலச் செயல்படும் செயற்கைப் பொருள்களும் அடங்கிய குடும்பத்தின் பெயர். தோல் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்கள், இக்குடும்பத்தில் ரெட்டினாயிக் அமிலத்தையே அடையாளம் காண்கின்றன. மருத்துவர் எழுதித்தரும் ட்ரெட்டினாயின் அந்த அமிலமேதான் என்பதால் நேராக வேலை செய்கிறது. அழகுப் பொருளாக விற்கப்படும் ரெட்டினால், தோலுக்குள் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு அமிலமாகவும் மாறியாக வேண்டும். மாற்றத்தில் சிறு பங்கே அமிலமாகி நிற்பதால், அதன் பலனும் மெதுவாகவே வருகிறது, எரிச்சலும் குறைவாகவே இருக்கிறது. ட்ரெட்டினாயின் பருவுக்குப் பயன்படும் என்று 1969-இல் எழுதிய குழுவின் தலைவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அந்நாட்டின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தியவரும் அவரே என்பதை மருந்தின் புகழ் மறைத்துவிடக் கூடாது.

சட்டத்தின் நிலையும் பலர் எண்ணுவதுபோல் இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள அட்டவணை எச், சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளைப் பட்டியலிடுகிறது. ட்ரெட்டினாயின் அதில் அடங்கும். ரெட்டினால் சீரமோ 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளுக்கு உட்பட்டு எங்கும் கிடைக்கிறது. 0.1 விழுக்காடு அடாபலீன் களிம்பைச் சீட்டின்றி விற்க 2016-இல் அமெரிக்கா இசைந்தது. இந்தியாவில் அது மருத்துவர் எழுதித்தரும் மருந்தாகவே வழங்கிவருகிறது. நடைமுறையிலோ, ஆர்எக்ஸ் குறியும் எச்சரிக்கையும் அச்சிட்ட குழாயைப் பெயர் சொல்லிக் கேட்டாலே எடுத்துத் தரும் மருந்துக்கடைகள் உண்டு. அந்தக் குழாய் பல வேளைகளில் விளம்பரமான சீரம் சீசாவைவிட மலிவாகவும் இருக்கிறது. ஆகவே சீட்டின் பயன் வலிய மருந்தைப் பெறுவதில் இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருப்பதில்தான் இருக்கிறது.

மாநிறத் தோலுக்கு அந்தக் கண்காணிப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது, ஏனெனில் எரிச்சலும் உரிதலும் ஆறியபின் அந்த இடம் கருத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பருத் தழும்பைப் போக்கப் பூசியவர் புதிய கருமையோடு நிற்பதும் நேர்கிறது. இந்த ஆபத்தைக் கூட்டும் கதிர் எவ்வளவு படுகிறது என்பது செய்யும் வேலையைப் பொறுத்தது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே கொண்டுவந்த காப்பி இன்றும் இம்மலையின் பிழைப்பு. சில்வர் ஓக் நிழலில் பழம் பறிக்கும் பெண்ணைவிட, களத்தில் காப்பியைக் காயவைத்துக் கிளறும் பெண்ணின் முகம் கதிரை அதிகம் வாங்குகிறது. ரெட்டினாய்டு தோலின் மேலடுக்கை மெலிவிப்பதால் களத்து வேலை செய்பவருக்குத் தொப்பியும் முக்காடும் வெயில் தடுப்புக் களிம்பும் மருந்தின் பகுதியே ஆகின்றன; அவற்றுக்கு வழியில்லாதபோது மருந்தை எழுதுவதே வீண்.

பூசும் முறை எளிது, ஆனால் பலரும் தவறுவது அதிலேதான். இரவில் முகம் கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின், ஒரு பட்டாணி அளவை விரல் நுனியில் எடுத்து நெற்றி, கன்னங்கள், தாடை ஆகியவற்றில் பொட்டுப்பொட்டாக வைத்துப் பரப்ப வேண்டும். மூக்கின் மடிப்பும் உதட்டோரமும் கண்ணோரமும் விலக்கப்பட வேண்டியவை. வாரம் இரண்டு இரவில் தொடங்கினால் போதும். மார்கழி, தை மாதங்களில் மலைக்காற்று வறளும்போது அதையும் குறைக்கலாம். பருவில் பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும். கருவுற்றவர்களும் கருவுற எண்ணியிருப்பவர்களும் இக்குடும்பத்தில் எதையும், சீரத்தையும் சேர்த்தே, தவிர்க்க வேண்டும்.

ரெட்டினாலுக்கு மாற்றாக இப்போது பேசப்படும் பகுச்சியோல், நாட்டு மருந்துக்கடையில் கார்போக அரிசி என்று விற்கும் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 2019-இல் வெளியான, 44 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில் அது ரெட்டினாலுக்கு நிகராகச் சுருக்கத்தைக் குறைத்து, எரிச்சலைக் குறைவாகத் தந்தது. இதைக் கேட்டு விதையை அரைத்து முகத்தில் பூசுவது தவறு, ஏனெனில் அவ்விதையிலேயே தோலை வெயிலில் புண்ணாக்கக்கூடிய சோரலின் என்னும் பொருளும் இருக்கிறது.

சுருக்கத்தை மெல்லக் குறைக்க விரும்புகிறவருக்கு அளவு அச்சிட்ட, 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத ரெட்டினால் போதும்; முகத்துக்கு அந்த உச்சவரம்பையே ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் வகுத்தது. தொடர்ந்து வரும் பருவுக்கும் மங்குக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போவதே சிக்கனம். ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுயினோனும் ஸ்டீராய்டும் கலந்த, சிவப்பழகுக் களிம்பாக எண்ணி வாங்கப்படும் குழாயை மட்டும் சீட்டில்லாமல் யாரும் கேட்க வேண்டாம், கடைக்காரரும் தர வேண்டாம்.